ஓர் ஆயாவின் படப்பெட்டி

பொழுதுபோக்கு என்னும் சொல்லைச் சிலர் சற்று இளக்காரமாகவே வழங்குவர். வேலையற்றவன் காலத்தைக் கழிப்பதற்குக் கண்ட உபாயம் என்பது அவர்கள் கருத்து. ஆயினும், ஊதியம் பெற்றுச் செய்யும் தொழிலில் இல்லாத ஒரு சுதந்திரம் பொழுதுபோக்கிலே உண்டு. கலியாண வீட்டுக்குப் படம்பிடிக்கச் செல்லும் தொழிலாளர், மணமக்களை விட்டுவிட்டுப் பந்தற்காலிலே சாய்ந்து உறங்கும் கிழவரைப் படம்பிடித்துக் கொண்டு திரும்ப இயலாது. பத்திரிகைக்குப் படம் எடுப்பவர், ஆசிரியர் வேண்டியதை விடுத்து வேறொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது அச்சேறாது. தமது பணத்திலே படச்சுருளை வாங்கிக்கொண்டு, ஓய்வு கிடைத்த நாளிலே தெருவில் இறங்கி நடப்பவருக்கோ எசமானர் ஒருவரும் இலர். எவரைக் கண்டு அவருடைய கால்கள் தாமே நின்றுவிடுகின்றனவோ, அவரே அன்றைய படத்துக்குரியவர். இந்தச் சுதந்திரத்தின் அருமையையும், அதனுள்ளே மறைந்து கிடக்கும் ஒரு சங்கடத்தையும் ஒருங்கே காட்டும் வாழ்க்கை ஒன்று உண்டு. அது விவியன் மையர் என்னும் பெண்ணின் வாழ்க்கை.

மையர் 1926ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆந் திகதி நியூயோர்க் நகரிலே பிறந்தார். தாய் பிரெஞ்சுக்காரி, தந்தை ஒஸ்திரியர். இளமையின் ஒரு பகுதி அமெரிக்காவிலும் ஒரு பகுதி தாயின் ஊரிருந்த பிரான்சிய அல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கிலும் கழிந்தது. அங்கே இருக்கும்போதே சாதாரணப் பெட்டிக் கமரா ஒன்றினால் மலைகளையும் கிராமத்தவரையும் படம்பிடிக்கத் தொடங்கிவிட்டார். அத்தகைய கமரா அக்காலத்தில் ஓர் அதிசயப் பொருளன்று. 1900ஆம் ஆண்டிலே கொடக் கொம்பனியார் 'பிறவுணி' என்ற பெட்டியை ஒரு டொலர் விலைக்கு விற்கத் தொடங்கிய நாள்முதலாக, படம்பிடித்தல் செல்வர் வீட்டுக் கலை என்ற நிலை மாறிவிட்டது. பள்ளிச் சிறுவரும் வேலைக்காரப் பெண்களும் கையிலே கமரா வைத்திருக்கக் கூடிய காலம் அப்போதே பிறந்தது.

1951இல் மையர் நியூயோர்க்குக்குத் திரும்பினார். பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பராமரிக்கும் ஆயா வேலையே அவருக்கு வாய்த்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவர் அந்த வேலையையே செய்தார். 1956ஆம் ஆண்டிலே சிக்காகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையோரமாக அமைந்த செல்வர் வாழும் ஊர்களில் ஒன்றிற்குச் சென்று, ஆண்பிள்ளைகள் மூவர் இருந்த வீடொன்றில் அமர்ந்தார். அங்கே அவருக்கென்று தனியே ஒரு குளியலறை கிடைத்தது. அதையே இருட்டறையாக்கிச் சுருள்களைக் கழுவினார். ஆயாவின் சம்பளம் அதிகமானதன்று. உணவும் உறையுளும் அந்த வீட்டிலேயே கிடைத்தமையால், கையிலே மிஞ்சியதில் பெரும்பங்கு படச்சுருளுக்கே போயிற்று.

1952ஆம் ஆண்டளவில் அவர் கையில் வந்து சேர்ந்தது றோலிபிளெக்ஸ் என்னும் ஜேர்மனியக் கமரா. அதன் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஏனெனில், மையர் எடுத்த படங்களின் குணத்திற் பாதி அந்தப் பெட்டியின் குணமே. சாதாரண கமராவைக் கண்ணோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். எதிரே நிற்பவருக்குக் கமரா தம்மை நோக்கி நீட்டிய ஒரு கருவியாகத் தோன்றும். உடனே முகத்தைத் திருத்திக்கொள்வார், அல்லது திருப்பிக்கொள்வார். றோலிபிளெக்ஸ் அவ்வாறானதன்று. அதன் முகப்பிலே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள் உண்டு. கீழ்வில்லை படச்சுருளின்மீது ஒளியை வீழ்த்துவது. மேல்வில்லை பார்ப்பதற்கு மட்டுமே உரியது. அதன் வழியே புகுந்த ஒளி, சாய்வாக வைத்த கண்ணாடியிற் பட்டு மேலே திரும்பி, பெட்டியின் உச்சியிலுள்ள மங்கற் கண்ணாடித் தட்டிலே உருவமாக விழும். ஆகவே படம் எடுப்பவர் பெட்டியைக் கழுத்திலே தொங்கவிட்டு, வயிற்றளவிலே பிடித்து, தலையைக் குனிந்து மேலிருந்து பார்ப்பார். தெருவில் நிற்பவர் காண்பது, தம்மை உற்றுநோக்கும் ஒரு கண்ணையன்று. குனிந்த தலையோடு எதையோ சரிசெய்து கொண்டிருக்கும் ஒரு பெண்ணையே. கமராவின் மூடியும் மிக மெல்லிய ஓசையுடனே திறந்து மூடும். தெருவிரைச்சலிலே அது கேட்பதில்லை.

இதனால் இரண்டு பயன்கள் விளைந்தன. முதலாவது, கமரா இடுப்பளவில் இருப்பதால் எதிரே நிற்பவர் சற்றுக் கீழிருந்து பார்க்கப்படுகிறார். தெருவோரத்துப் பத்திரிகை விற்பவரும், கந்தற்சட்டை அணிந்த கிழவரும் அப்படங்களிலே வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிமிர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம். சிறுபிள்ளைகளையோ அவர்களுடைய கண்மட்டத்திலேயே சந்திக்க முடிந்தது. இரண்டாவது, அந்தக் கண்ணாடித் தட்டிலே உருவம் இடம்வலம் மாறித் தெரியும். வலப்புறமாக நடப்பவர் தட்டில் இடப்புறமாக நகர்வார். பழகாதவர் அவரைத் தொடர்ந்து பெட்டியைத் திருப்ப முயன்றால் எதிர்த்திசையிலே திருப்பிவிடுவர். ஓடும் சைக்கிளையோ, கைவீசி நடக்கும் மனிதரையோ அந்தத் தட்டிலே தப்பாது பிடித்தல் நீண்ட பயிற்சியின்றிக் கைகூடாத காரியம்.

அன்றியும், ஒரு சுருளிலே பன்னிரண்டு படங்களே எடுக்கலாம். பன்னிரண்டு முடிந்தால், தெருவிலே நின்று பழைய சுருளைக் கழற்றிப் புதியதைப் பூட்ட வேண்டும். கைத்தொலைபேசியினாலே ஒரு தேநீர்க் கோப்பையை இருபது தடவை படம்பிடித்து, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் இக்காலத்தவருக்கு இது விளங்குதல் அரிது. மையர் பெரும்பாலும் ஒரு காட்சிக்கு ஒரு படமே எடுத்தார். இன்னும் ஒன்று எடுத்தால் நன்றாக அமையுமோ என்ற எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பார்த்தார், ஒருமுறை அழுத்தினார், நடந்தார்.

ஓய்வுநாளில் மட்டுமன்றி வேலைநாளிலும் அவர் நடந்தார். பிள்ளைகளை உலாவ அழைத்துச் செல்லுதல் ஆயாவின் கடமைகளுள் ஒன்று. மற்றை ஆயாமார் பூங்காவுக்கும் கடற்கரைபோன்ற ஏரிக்கரைக்கும் அழைத்துச் செல்ல, மையர் அவர்களை நகரத்துக்குள் அழைத்துச் சென்றார். பெருமாட்டிமார் உரோமப் போர்வையுடன் கடைக்குள் நுழையும் வீதிகளையும், வேலையற்றோர் படிக்கட்டுகளிலே படுத்துறங்கும் வீதிகளையும் அப்பிள்ளைகள் ஒரே நாளிற் கண்டனர். இறைச்சிக்கென ஆடுமாடுகளை அடைத்து வைத்திருந்த பெருந்தொழுவத்துக்கும் அவர் பிள்ளைகளை அழைத்துச் சென்றதுண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தக்க கல்வியா, தகாத காட்சியா என்பதிலே பெற்றோர் பலவாறாக எண்ணக்கூடும். பின்னாளில் வளர்ந்து பெரியோரானவர்களும் ஒரே விதமாக அவரை நினைவுகூரவில்லை. அற்புதமான தோழி என்றனர் சிலர்; கடுமையாக நடத்தினார், வன்மையாகத் தண்டித்தார் என்றனர் வேறு சிலர். இரண்டும் உண்மையாயிருத்தல் கூடும். பெரிய தொப்பியும் ஆண்கள் அணியும் மேலங்கியும் கனத்த சப்பாத்தும் அணிந்து, கைகளை வீசி நீண்ட அடி வைத்து நடந்த அந்தப் பெண்ணை எவரும் மறந்துவிடவில்லை என்பது மட்டும் ஐயமற்றது.

அவர் எடுத்த படங்களிலே தெருவின் நாடகம் முழுதும் உண்டு. அழுத கண்ணும் அழுக்குக் கையுமாய்க் கடைக்கண்ணாடியின் அருகே நிற்கும் சிறுமி. தம்மைப் படம்பிடிப்பதைக் கண்டு சினந்து நோக்கும் சீமாட்டி. பேருந்திலே ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கும் தம்பதியர். சில படங்களிலே முகமே இல்லை. பின்புறமாகக் கோத்த இரு கைகளும், காலுறை நழுவிய ஒரு கணுக்காலும் மட்டுமே உண்டு. 1959ஆம் ஆண்டளவிலே அவர் தன்னந்தனியாக மணிலா, பாங்கொக், இந்தியா, எகிப்து, இத்தாலி முதலிய இடங்களுக்குச் சென்று அங்கேயும் தெருத்தெருவாகப் படம்பிடித்தார். திரும்பி வந்து மறுபடியும் ஆயா வேலையிலே அமர்ந்தார். எழுபதுகளிலே சிறு கமராவுக்கும் வர்ணச் சுருளுக்கும் மாறினார். அப்படங்களிலே மனிதர் குறைந்து, வீதியிலே கிடந்த பத்திரிகைத் துண்டும் சுவரிலே கிறுக்கிய எழுத்தும் கூடுதலாக இடம்பெற்றன.

தம்மையும் அவர் பலமுறை படம்பிடித்தார். அந்த முறை விசித்திரமானது. கடைக் கண்ணாடியிலே தெரியும் நிழலாக, புல்லின்மேல் விழுந்த தொப்பியின் சாயலாக, வேலையாள் ஒருவர் வண்டியிலிருந்து இறக்கும் கண்ணாடியிலே கணப்பொழுது தோன்றி மறையும் உருவமாக அவர் தம்மைப் பதிவு செய்தார். அப்படங்களிலே அவர் சிரிப்பது அரிது.

இத்தனை படங்களையும் அவர் யாருக்கும் காட்டவில்லை என்று பலர் எழுதிவிட்டனர். அது முழுவதும் சரியன்று. வேலை செய்த வீட்டாருக்கும் பழகியவர்களுக்கும் அவர் சில படிகளைக் கொடுத்ததுண்டு. தாயின் ஊர்ப்பக்கத்துப் படப்பிடிப்பு நிலையத்தார் ஒருவருக்கு, தமது படங்களிற் சிலவற்றை அஞ்சலட்டையாக அச்சிடுவது பற்றி அவர் எழுதிய கடிதமும் கிடைத்திருக்கின்றது. ஆகவே பிறர் பார்க்கலாகாது என்ற விரதம் பூண்டவர் என்று அவரைக் கூறிவிட முடியாது. கண்காட்சிச் சாலையின் கதவைச் சென்று தட்டவில்லை, அவ்வளவே. வேலைக்காரப் பெண் ஒருத்தி தட்டினால் அக்கதவு அக்காலத்திலே திறந்திருக்குமா என்பது கேட்கவேண்டிய கேள்விதான். மறுபுறத்திலே, தமது அறைக்குப் பூட்டு வேண்டும், எவரும் உள்ளே வரலாகாது என்று ஒவ்வொரு வீட்டிலும் அவர் வற்புறுத்தியதும் உண்மை. பெயரைக் கூட இடத்துக்கிடம் வெவ்வேறு எழுத்திலே எழுதிக் கொடுத்தார்.

குளியலறை இருட்டறை கிடைத்த வீட்டை விட்டு நீங்கிய பின்னர், சுருள்களைக் கழுவும் வசதி அருகியது. ஆயினும் எடுப்பதை அவர் நிறுத்தவில்லை. ஒளிபட்ட படச்சுருளிலே உருவம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. வெள்ளியுப்புப் படிகங்களிலே அது மறைந்து நிற்கும். இரசாயன நீரிலே கழுவிய பின்னரே வெளிப்படும். கழுவாது வைத்தாலும் பல ஆண்டுகள் அழியாது கிடக்கும். மெல்ல மெல்ல மங்கும். இவ்வாறு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுருள்கள் கழுவப்படாமலே பெட்டிகளில் நிறைந்தன. எடுத்த படம் எவ்வாறு அமைந்தது என்று எடுத்தவரே பார்க்கவில்லை. இது அவருக்கு மட்டும் உரிய விசித்திரமன்று. தெருப் படங்களாற் பெரும்புகழ் பெற்ற காரி வினோகிராண்ட் என்பவர் 1984இல் இறந்தபோது ஏறத்தாழ 2,500 சுருள்களைக் கழுவாமலே விட்டுச் சென்றார். ஆயின் அவருக்கு நண்பரும் நூதனசாலையாரும் இருந்தனர். மையருக்கு இருந்தவை வாடகைக்கு எடுத்த பண்டகசாலை அறைகளே.

முதுமையில் வறுமை வந்தது. அறைகளுக்கு வாடகை கட்ட இயலாது போகவே, 2007ஆம் ஆண்டிலே அவற்றிலிருந்த பெட்டிகள் சிக்காகோவில் ஏலம் விடப்பட்டன. வாங்கியவருள் ஒருவர் ஜோன் மலூவ் என்ற இளைஞர். நகரத்தின் ஒரு பகுதியைப் பற்றி எழுதிவந்த நூலுக்குப் பழைய படங்கள் கிடைக்கலாம் என்று கருதி, ஏறத்தாழ 400 டொலர் கொடுத்து ஒரு பெட்டி நெகற்றிவ்களை அவர் வாங்கினார். நூலுக்கு ஏற்றது ஒன்றுங் கிடைக்கவில்லை. பெட்டியை ஒதுக்கி வைத்தார். பின்னரே, அதில் இருப்பது சாதாரணமானதன்று என்பது அவருக்குப் புலப்படலாயிற்று.

அப்பொழுது மையர் அதே நகரத்திலே உயிரோடு இருந்தார். அவர் வளர்த்த மூன்று சகோதரர்களும் அவருடைய நிலையை அறிந்து, வாடகை வீடொன்றை ஒழுங்குசெய்து கொடுத்திருந்தனர். ஏரிக்கரையின் வாங்கிலே தனியே அமர்ந்திருப்பார். 2008ஆம் ஆண்டு நவம்பரிலே பனிக்கட்டியில் வழுக்கி வீழ்ந்து தலையில் அடிபட்டார். 2009ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி, 83ஆம் வயதிலே காலமானார். பெட்டியை வாங்கியவர் ஓர் உறையிலிருந்த பெயரைக் கொண்டு விசாரித்தபோது, சில நாட்களுக்கு முன் வெளியான மரண அறிவித்தலே அவருக்குக் கிடைத்தது. அவ்வருடமே படங்கள் இணையத்திலே வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டன. 2011இல் சிக்காகோவிலே கண்காட்சி நடந்தது. 2013இல் அவரைப் பற்றி வெளியான சினிமாப்படம் ஒஸ்கார் பரிசுக்குப் பிரேரிக்கப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நெகற்றிவ்களை ஓர் ஆயா விட்டுச் சென்றார் என்பதைக் கேட்டு வியவாதார் இலர்.

வியப்பு அடங்கிய பின்னரே சங்கடம் தோன்றுகிறது. பூட்டிய அறையிலே வாழ்ந்த ஒருவருடைய பெட்டியை அவருடைய அனுமதியின்றித் திறந்து ஊருக்குக் காட்டலாமா என்று பலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆயின், அதே கேள்வியைத் தெருவில் நின்ற அழுத சிறுமியும் மையரைப் பார்த்துக் கேட்கலாமன்றோ? படிக்கட்டிலே படுத்துறங்கிய வறியவருக்கு அறை இல்லை, பூட்டும் இல்லை. அவருடைய உறக்கம் தெருவிலே கிடந்தமையாலேயே அது படத்துக்குரியதாயிற்று. தாம் பராமரித்த சிறுவன் ஒருவன் மோட்டார் வண்டியில் அடிபட்டு வீதியிலே கிடந்தபோதும் மையர் படம் எடுத்துக் கொண்டிருந்தார் என்று அந்தச் சினிமாப்படத்திலே கூறப்படுகின்றது. சிறுவன் பிழைத்துக் கொண்டான். எனினும், அந்த வீட்டார் அதை மறக்கவில்லை.

சட்டம் இவ்விடயத்திலே படம்பிடிப்பவரின் பக்கமே நிற்கின்றது. நியூயோர்க்கின் நெருக்கடியான சதுக்கமொன்றிலே தம்மை அறியாமல் எடுத்த படம் கண்காட்சியிலே விற்கப்பட்டதைக் கண்ட முதியவர் ஒருவர், அது தமது சமய ஆசாரத்துக்கும் மாறானது என்று கூறி, பிலிப்-லோர்க்கா டிகோர்சியா என்ற கலைஞர்மீது வழக்குத் தொடுத்தார். படம் கலைப்படைப்பு என்றும், கருத்துச் சுதந்திரத்தின்பாற் பட்டது என்றும் கூறி 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. பிரான்சிலோ ஒருவருடைய உருவத்தின்மேல் அவருக்குள்ள உரிமையைச் சட்டம் இன்னும் கூடுதலாகப் பேணுகின்றது. மையருடைய தாய்நாடும் பிறந்தநாடும் இவ்வாறு மாறுபட்டு நிற்றல் கவனிக்கத்தக்கது.

சட்டம் இடங்கொடுப்பது எல்லாம் செய்யத்தக்கதாகிவிடாது. ஆனால், ஒவ்வொருவரையும் அணுகி அனுமதி பெற்ற பின்னரே படம் எடுக்க வேண்டும் என்ற விதி இருந்திருப்பின், அந்நகரங்களின் தெரு வாழ்வு இன்று எவருக்கும் தெரியாது போயிருக்கும். எஞ்சியிருப்பன, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து நிலையத்திலே அமர்ந்தெடுத்த படங்களாகவே இருக்கும். அவற்றை எடுப்பிக்கக் காசில்லாதவர் வரலாற்றிலே முகமின்றிப் போயிருப்பர். மையருடைய படங்களைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பவருக்கு ஒன்று புலப்படும். அவர் செல்வரைப் பார்த்த கண்ணிலே பல வேளைகளிற் குறும்பு உண்டு. வறியவரையும் குழந்தைகளையும் பார்த்த கண்ணிலே அது இல்லை. எள்ளலும் இல்லை, இரக்கம் காட்டும் பாவனையும் இல்லை. சிலர் கமராவை நேராக நோக்கி, நெடுநேரம் பேசி முடித்தவர் போல அமைதியாக நிற்கின்றனர். அவர்களிடம் மையர் என்ன பேசினார் என்பது படத்திலே பதியவில்லை.

மற்றை வழக்கு நீதிமன்றத்திலே வேறு வடிவிலே எழுந்தது. நெகற்றிவ்வை விலைகொடுத்து வாங்கியவர் அந்தப் பொருளுக்கே உரியவர். அதிலிருந்து படி எடுத்து விற்கும் உரிமை எடுத்தவரையும் அவர் வழிவந்தோரையும் சேர்ந்தது என்பது அமெரிக்கச் சட்டம். மையர் மணம் செய்யாதவர், பிள்ளைகள் இலர், மரணசாதனமும் எழுதவில்லை. பிரான்சிலே உறவினரைத் தேடும் போட்டி தொடங்கியது. 2014இல் வழக்கு எழுந்தபின், உரிமையாளர் அறியப்படாத சொத்துக்களை நிருவகிக்கும் மாவட்ட அதிகாரி அவருடைய ஆதனத்தைப் பொறுப்பேற்றார். 2016இல் மலூவுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அச்சட்டப்படி, எடுத்தவர் இறந்தபின் 70 ஆண்டு உரிமை நிலைக்கும். ஆகவே 2079ஆம் ஆண்டின் இறுதிவரை அப்படங்களுக்கு யாரேனும் ஒருவர் உரிமையாளராய் இருப்பார்.

அந்தச் சகோதரர் மூவரும் உரிமை கோரி வந்தவரல்லர். மரண அறிவித்தலைப் பத்திரிகையிலே வெளியிட்டவர்கள் அவர்களே. சிறுவயதிலே காட்டுப்பழம் பறிக்க மையர் தங்களை அழைத்துச் சென்ற வனத்தைத் தேடிச் சென்று, அவருடைய சாம்பலை அங்கே தூவிவிட்டு வந்தனர்.